யாருக்கும் கேட்காத கிதார்

பேஸ் கிதார் வாசிக்கிறவர்களுக்கு ஒரு நிம்மதி உண்டு: தப்பாக வாசித்தால் யாருக்கும் தெரியாது. ஒரு துக்கமும் உண்டு: சரியாக வாசித்தாலும் யாருக்கும் தெரியாது. நாயனக்காரருக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவர், நாடகத்தில் கடைசி வரிசைக் காவல்காரர், கல்யாண வீட்டில் ரசம் மட்டும் வைக்கிறவர், எல்லாரும் என் கட்சிதான். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சித்தூரில் என் வீட்டுக்காரர் மைக் செட் வைத்திருக்கிறார். கச்சேரிக்குக் கச்சேரி அவரோடு போய், ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆர்கெஸ்ட்ராவின் பேஸ்காரர் துபாய்க்கு வேலைக்குப் போனபோது கிதாரை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். நாலே கம்பி, பாட்டுக்கு அடியில் டொம் டொம் என்று போகிற கனத்த சத்தம்தானே என்று தொட்டுப் பார்த்தேன். தொட்டதுதான், விடவில்லை. இப்போது தலையில் நரை, இடுப்பில் வலி, தோளில் அந்தக் கிதார். கவலைப்படுவது என் சுபாவம். ஷாக் அடிக்குமா, மழை வருமா, கம்பி அறுந்துவிடுமா, வீட்டில் கேஸை மூடினேனா இல்லையா என்று ஒவ்வொரு பாட்டிலும் யோசிப்பேன். ஆனால் தாளம் தப்பாமல் யோசிப்பேன்.

இந்த ஆடியில் என் கவலைக்கு நல்ல காரணமே கிடைத்தது. எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஆடி என்றால் கல்யாணம் கிடையாது, அம்மனுக்குக் கூழ்தான். தெலுங்குக்காரர்களுக்கோ அதே ஆடி முடிவதற்குள் சிராவண மாசம் பிறந்துவிடும், கல்யாணத்துக்கு மேல் கல்யாணம். இந்த முறை சுதந்திர தினமும் சனிக்கிழமை வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது. வெள்ளி முதல் ஞாயிறு வரை கிதாரைக் கீழே வைக்க நேரமில்லை.

புகைக்கு ஒரு சீட்டு

வியாழக்கிழமை ரிகர்சலில் எங்கள் லீடர் முனிரத்தினம் புதிதாக ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். புகை மெஷின். பொண்ணு மாப்பிள்ளை மேடை ஏறும்போது காலடியில் மேகம் மாதிரி புகை பரவுமாம். இப்போதெல்லாம் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்களாம். நல்லது என்றேன். அதை வைக்க வேனில் இடமில்லை என்றார். அவர் பார்வை என் சீட்டின் மேல் இருந்தது.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. இந்த மூணு நாள் பாக்கலாம். ஜனத்துல ஒருத்தர், ஒரே ஒருத்தர், தானா வந்து என்னாண்ட 'பேஸ் நல்லாருக்குது'ன்னு சொல்லட்டும், நீங்க இருங்க. ஒருத்தரும் சொல்லலைன்னா ஆவணியிலேர்ந்து பேஸை கிரியோட இடது கை பாத்துக்கும்" என்றார். கிரி எங்கள் கீபோர்டுக்காரன். வலது கையில் பாட்டு, இடது கையில் பேஸ் என்று இப்போது பல ட்ரூப்பில் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். அந்தக் கிதார் தோளில் இல்லாவிட்டால் நான் மறுபடியும் ஒயர் சுற்றுகிறவள்தான்.

லீடர் போனதும் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். எனக்காக ஒரு வார்த்தை பேசக் கூடாதா என்ற பார்வை. மனிதர் பிளக்கைக் கழற்றி மாட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்:

"இன்னா மே பண்றது, புகை மெஷினு சோறு துன்னாது இல்ல."

உங்கள் பையன் எங்கே?

வெள்ளிக்கிழமை திருப்பதியில் ரிசப்ஷன். நான் கடுகு நிறப் பட்டுப் புடவை கட்டி, பூ வைத்து, கிதாரை மாட்டிக்கொண்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் ரவுண்டு பாட்டு முடிந்து சின்ன இடைவேளை. பெண்ணின் தாய்மாமன், ஜரிகை வேட்டி, கையில் மைசூர்பாகு, நேராக என்னிடம் வந்தார். "ஏம்மா, மீ அப்பாயி போஜனானிக்கி வெள்ளாடா?" என்று தெலுங்கில் அன்பாக விசாரித்தார். கிதார் வாசிக்கிற பையன் சாப்பிடப் போயிருக்கிறான், அம்மா கிதாரைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று அவரே முடிவு கட்டிவிட்டார்.

"பையன் இல்லீங்க, நான்தான் வாசிக்கிறேன்" என்றேன். அவர் மைசூர்பாகைக் கடிக்காமல் நிறுத்தினார். "நீங்களா? இவ்வளவு நேரமுமா?" "ஆமாங்க." "அப்படியா! எங்களுக்கு ஒண்ணு வாசிச்சுக் காட்டுங்கம்மா" என்று மச்சான், மைத்துனி எல்லாரையும் கை தட்டிக் கூப்பிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். சாட்சி தானாக நடந்து வந்திருக்கிறது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த லீடரைப் பார்த்து, இங்கே வாருங்கள் என்று கண்ணைக் காட்டினேன். அவரும் வந்தார்.

ஊரெல்லாம் பாடுகிற ஒரு காதல் பாட்டின் அடியில் ஓடுகிற பேஸை மட்டும் எடுத்து, பல்லவி, சரணம், நடுவில் வருகிற இசை, எதையும் விடாமல் வாசித்தேன். தாய்மாமன் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டார். தொடையில் தாளம்கூடப் போட்டார். நான் முடித்ததும் கண்ணைத் திறந்து, "சால பாகுந்தம்மா" என்றார், ரொம்ப நன்றாக இருக்கிறதாம். நான் லீடரைப் பார்த்தேன். லீடர் தாடையைச் சொறிந்தார். தாய்மாமன் நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"கம்பியெல்லாம் சரி பாத்துட்டீங்க இல்ல? இப்ப பாட்டை வாசிங்க."

நடக்கிற டம்ளர்

சனிக்கிழமை காலை சித்தூரில் ஒரு அபார்ட்மெண்ட். கொடியேற்றம், மிட்டாய், பிறகு தேசபக்திப் பாட்டு. இடம் குறுகலாக இருந்ததால் என் வீட்டுக்காரர் பேஸ் ஸ்பீக்கரைக் கட்டடத்துச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டார். மூன்றாவது பாட்டு முடிவதற்குள் மாடியிலிருந்து ஒருவர் பனியனும் துண்டுமாக இறங்கி வந்தார். ரிட்டயர் ஆனவர் என்று பார்த்தாலே தெரிந்தது. "யாருங்க இங்க டொம்முனு டொம்முனு போடறது?" என்றார். வகுப்பில் கேள்விக்குப் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன். "நானுங்க!"

"எங்க வீட்டு ஷெல்ஃபுல டம்ளர் எல்லாம் தானா நடக்குதும்மா. ஒண்ணு ஓரத்துக்கே வந்து நிக்குது. என் சம்சாரம் ரெண்டு கையாலயும் அதுங்களைத் தடுத்துக்கினு நிக்கிறா. கொடிக்கு சல்யூட் அடிக்கக்கூட எறங்கி வர முடியல" என்றார். வேறு யாராவது இருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். நான், "எந்தப் பாட்டுக்குங்க அதிகமா நடந்துச்சு?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். விடவில்லை நான். "சார், இப்ப எங்கிட்ட சொன்னீங்களே, அதை அப்படியே எங்க லீடராண்ட ஒரு தடவை சொல்லுங்க" என்று கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போனேன்.

அவர் டம்ளர் கதையை முதலிலிருந்து சொன்னார். லீடர் பொறுமையாகக் கேட்டார். "பாத்தீங்களா, பேஸ் கேட்டிருக்குது!" என்றேன். லீடர், "கம்ப்ளெயின்ட் கணக்குல வராதுக்கா" என்றார். நல்ல வார்த்தை ஒன்று சேர்த்துச் சொல்லுங்கள் என்று நான் அந்தப் பெரியவரைக் கெஞ்சாத குறையாகப் பார்த்தேன். அவருக்கும் மனசு இளகிவிட்டது போலிருக்கிறது. லீடரின் தோளில் கை வைத்துச் சொன்னார்:

"பாட்டெல்லாம் நல்லாத்தான் சார் கீது. அந்த உறுமுற ஒண்ணை மட்டும் எடுத்துட்டீங்கன்னா எவ்வளவு நல்லாருக்கும்!"

வராத விருந்தாளிகள்

அன்று சாயங்காலம் காணிப்பாக்கத்தில் கல்யாணம். பெண் தெலுங்கு, மாப்பிள்ளை நகரிப் பக்கத்துத் தமிழ்ப் பையன். பையனுக்கு வெளிநாட்டில் வேலை, லீவு இந்த வாரம்தான். பெண் வீட்டுக்கு இது சிராவணம், நல்ல முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டுக்கு ஆடி. ஆடியில் கல்யாணமா என்று மாப்பிள்ளையின் அத்தைகள் மூன்று பேர் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். சொன்னது சொன்னதுதான். ஆனால் அண்ணன் மகன் கல்யாணத்தை எப்படிப் பார்க்காமல் இருப்பது? ஆகவே மூன்று பேரும் வந்திருந்தார்கள், வராத மாதிரி.

அட்சதை போடமாட்டார்கள், மேடை ஏறமாட்டார்கள், போட்டோவில் விழமாட்டார்கள். வீடியோக்காரர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்த்துப் பார்த்து இடம் மாறி, கடைசியில் கேமரா எட்டாத ஒரே இடம் கண்டுபிடித்தார்கள். என் பேஸ் ஸ்பீக்கருக்குப் பின்பக்கம். அங்கே மூன்று நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, எட்டி எட்டிப் பார்த்து, "நகை எடுப்பா கீது", "மாப்ள எளச்சிட்டான்" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பந்தியில் மட்டும் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மறுபடி ஸ்பீக்கருக்குப் பின்னால் வந்துவிட்டார்கள்.

ஒரு மெதுவான பாட்டு முடிந்தபோது பெரிய அத்தை என் முதுகைத் தட்டினார். "யம்மா, உன்னுதா அது? நெஞ்சுல உக்காந்து தட்டிக் குடுக்கற மாதிரி கீது. எங்க சின்னவ அழுதுட்டா. ரொம்ப நல்லா வாசிக்கிற" என்றார். திரும்பிப் பார்த்தேன், சின்ன அத்தை நிஜமாகவே மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை, இழுத்துக்கொண்டு வரவில்லை, தானாகச் சொன்ன நல்ல வார்த்தை. "அத்தே, அந்தா நீலச் சட்டை போட்டுக்கினு நிக்கிறாரே, அவருதான் எங்க லீடர். இதை அவராண்ட வந்து ஒரே ஒரு தடவை சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பெரிய அத்தை கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"நான் எப்டிம்மா சொல்றது? நான்தான் கல்யாணத்துக்கே வரலியே!"

இடது கையின் வேலை

ஞாயிற்றுக்கிழமை வேனில் கிரி என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் மேல் எனக்குக் கோபம் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. என் வேலையை வாங்கிக்கொள்ளப் போகிற கையை அடிக்கடி பார்த்துக்கொண்டே வந்தேன். நல்ல நீளமான விரல்கள். அவனோ என்னைவிடச் சோகமாக இருந்தான். லீடர் தூங்கிவிட்டாரா என்று பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தான். "யக்கா, நீங்க எப்படியாவது சமாளிச்சு நின்னுக்கோங்க" என்றான். என் மேல் இவ்வளவு பாசமா என்று நெகிழ்ந்து, ஏன் தம்பி என்று கேட்டேன்.

"இடது கையை பேஸுக்குக் குடுத்துட்டா, கச்சேரியில நான் செல்லு பாக்கறது எந்தக் கையாலக்கா?"

அம்மனுக்குக் காத்திருந்த கூழ்

வெதுருகுப்பம் தாண்டி உள்ளே ஒரு சின்ன ஊர். எல்லாரும் தமிழர்கள், சொந்த நிலம் கிடைத்தே இரண்டு தலைமுறைதான். ஆடிக் கடைசி ஞாயிறு கூழ் ஊற்றுகிற திருவிழா. அங்கே ஒரு வழக்கம். சாயங்காலம் கோயில் முன்னால் கூழ் அண்டாவை வைத்து மூடிவிடுவார்கள். அம்மன் யார் மேலாவது வந்து உத்தரவு கொடுத்தால்தான் மூடியைத் திறப்பார்கள். யார் மேல் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. போன வருஷம் ஒரு லாரி டிரைவர் மேல் வந்ததாம், அதற்கு முன்னால் ஒரு புது மருமகள் மேல். அம்மனை அழைக்கப் பம்பைக்காரர்கள்தான் எப்போதும் வருவார்கள். கடைசி ஞாயிறு ஆனதால் அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அந்த வேலையும் எங்கள் தலையில் விழுந்தது. "ஒரு அம்மன் பாட்டு நல்லா ஓங்கிப் போடுங்க, போதும்" என்றார் கற்பூரத் தட்டோடு நின்ற ஊர்ப் பெரியவர்.

கிதாரை எடுத்தேன். லீடர் என் பக்கத்தில் வந்து, "இந்த ஒரு பாட்டை நீங்க இல்லாம போட்டுப் பாத்துக்கலாம்க்கா. எப்படியும் ஆவணியிலேர்ந்து அப்படித்தானே" என்றார். மூன்று நாளும் முடிந்துவிட்டது, அவரிடம் வந்து சொன்னவர் யாருமில்லை. கிதாரை மடியில் படுக்கவைத்துக்கொண்டு கூழ் அண்டா பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். இனி எத்தனை கச்சேரிக்கு இப்படி உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டுமோ என்று இருந்தது.

பாட்டு முடிந்தது. அம்மன் வரவில்லை. பெரியவர் கற்பூரத்தை மாற்றினார். மறுபடி பாடினார்கள். நடுவில் ஒரு பெண் உடம்பை உதறினாள். ஜனமெல்லாம் எழுந்து நின்று கும்பிட்டது. அவள், "எறும்பு, எறும்பு" என்று புடவையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாவது தடவை பாடியபோது பாடகிக்குத் தொண்டை கட்டிவிட்டது. பிள்ளைகள் சொம்போடு நின்று அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் குசுகுசுவென்று பேச்சு. அம்மனுக்கு என்ன குறை, யார் என்ன தப்புப் பண்ணினார்கள் என்று ஆளை ஆள் பார்த்துக்கொண்டார்கள். லீடருக்கு நெற்றியெல்லாம் வேர்வை. அவர் ரொம்ப பக்தி உள்ளவர்.

அப்போது பின்னாலிருந்து ஒரு பொம்பளைக் குரல், "அந்தம்மா இன்னாத்துக்குக் கிதாரை வெச்சிகினு சும்மா குந்திகினு கீது?" என்றது. ஊர் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பெரியவர் லீடரிடம், "ஏம்ப்பா, வந்ததுல ஒரு ஆளை உக்கார வெச்சிட்டு அம்மனைக் கூப்பிட்டா எப்டி வருவா?" என்று அதட்டினார். லீடர் என்னைப் பார்த்து இரண்டு கையாலும் வாருங்கள் வாருங்கள் என்றார். எனக்கு வேறு கவலை. நான் வாசித்தும் வராவிட்டால் பழி என் மேல் அல்லவா விழும்? ஈரத் தரை வேறு, ஷாக் அடித்தால்? செருப்பைக் கழற்றாமலே போய் ஒயரைச் சொருகினேன். என் வீட்டுக்காரர் மூன்று நாள் எனக்காகப் பேசாமல் இருந்ததற்கெல்லாம் சேர்த்து பேஸை முழுசாகத் திருகி வைத்தார்.

பல்லவி இரண்டாவது தடவை திரும்பும்போது, தெருக்கோடியிலிருந்து ஒரு கூச்சல். செங்கம்மா என்று ஒருத்தி, காலிப் பால் கேனை வீசி எறிந்துவிட்டு, தலைமுடி அவிழ ஓடி வந்து என் ஸ்பீக்கர் முன்னால் நின்று ஆடினாள். நான் பயந்துபோய்க் கம்பியை விடாமல் அடித்தேன். பெரியவர் கற்பூரம் காட்டி, "தாயே, ஏதாச்சும் கொறையா?" என்றார். "ஒரு கொறையும் இல்லடா, ஊத்துங்கடா!" என்றாள். குலவை சத்தத்தில் அண்டா மூடி திறந்தது. லீடர் ஓடி வந்து எனக்குத் திருநீறு பூசினார். பெரியவர் அவரிடம், "அடுத்த வருஷமும் நீங்கதான். ஆனா இந்தம்மா இல்லாம வராதீங்க" என்றார். "இனிமே பேஸ் இல்லாத கச்சேரியே கிடையாது பெரியவரே" என்று லீடர் கும்பிட்டார். அவரிடம் வந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றார் அல்லவா, ஊரே சொல்லிவிட்டது.

நிம்மதியாகக் கூழ் குடிக்க உட்கார்ந்தேன். பக்கத்தில் செங்கம்மா, தலையை முடிந்துகொண்டு, மாங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். மனசு கேட்காமல், "ஏம்மா, என் கிதார் சத்தம் கேட்டுத்தான் வந்துச்சா?" என்று கேட்டேன். "கிதாரா?" என்றாள். "காலையிலேர்ந்தே ஒடம்பு சிலுசிலுன்னு கெடந்துச்சுக்கா. இன்னிக்கு என் மேலதான் வரப்போறான்னு தெரியும். பால் சென்டர்ல பாத்தா பால் ஊத்தற லைனு அம்மாம் நீளம். பாலை விட்டுட்டு வர முடியுமா? செத்த பொறு தாயேன்னு சொல்லிட்டு, ஊத்திட்டு ஓடியாந்தேன்." சொம்பைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தேன். எதிரிலேயே லீடர், கையில் சொம்போடு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். போச்சு என்று நினைத்தேன். "தம்பி, உள்ளது அதுதான். பேஸால எல்லாம் வரல" என்று நானே சொல்லியும்விட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார், ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

"நீங்க கம்பியில கை வெக்கிற வரைக்கும் அந்த லைனை நீட்டி நீட்டி வெச்சிருந்தது யாருக்கா?"

இப்போது எனக்கு இருக்கிற ஒரே கவலை, அடுத்த ஆடிக்குள் அந்தப் பால் சென்டர்காரர் இன்னொரு ஆளை வேலைக்கு வைத்து வரிசையைச் சின்னதாக்கிவிடக் கூடாது என்பதுதான்.